பானையைக் கொண்டுவந்த பேச்சிலர்

1

யாழினி, போன வெள்ளிக்கிழமை போனில் நீ கேட்டாய், "நைனா, பானையில உன் பேரு வந்துச்சா?" என்று. சிக்னல் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. உன் பின்னால் கதிர் முறுக்கு கடிக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. எனக்குத்தான் வாய் வரவில்லை. வந்திருந்தால் கெட்ட வார்த்தை வந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் கோபம் கொஞ்சம் மெதுவாக வருகிறது. நான் பத்தாவதோடு ஐ.டி.ஐ. போனவன், எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன்.

நீயும் கதிரும் சேர்ந்து படியுங்கள். புரியாத இடம் வந்தால் அம்மாவைக் கேட்காதீர்கள். அவளுக்கு என்னைவிட அதிகமாகக் கோபம் வரும்.

2

முதலில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். நான் வேலைக்கு வந்திருக்கிற இந்த வளைகுடா நாட்டில் உங்கள் நைனா கல்யாணம் ஆகாதவன்.

சிரிக்காதே கதிர். இங்கே குடும்பத்தைக் கூட்டிவந்து ஃபிளாட் எடுத்து இருப்பவருக்குப் பேர் ஃபேமிலி. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு கம்பெனி கொடுத்த கேம்ப்பில் இருப்பவனுக்குப் பேர் பேச்சிலர். தாலி கட்டியிருந்தாலும் பேச்சிலர்தான், ரெண்டு பிள்ளை பெற்றிருந்தாலும் பேச்சிலர்தான். எங்கள் கேம்ப்பில் ஒருவருக்குப் பேரன் பிறந்து எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். அவரும் பேச்சிலர். தாத்தா பேச்சிலர்.

கட்டிடங்களில் 'பேச்சிலர்களுக்கு வீடு இல்லை' என்று போர்டு தொங்கும். கடற்கரைப் பக்கம் ஒரு பூங்கா இருக்கிறது, பச்சைப்பசேல் என்று, நம் ஏரி உள்வாய் நெல்லுக்குக்கூட அந்தப் பச்சை வராது. லீவு நாளில் அங்கே ஃபேமிலிக்கு மட்டும்தான் அனுமதி. தெரியாமல் நானும் ஆரோக்கியமும் ஒரு தடவை போய்விட்டோம். ஆரோக்கியம் என் ரூம்காரன், திருமுக்கூடல் பக்கம், நம் ஜனம்தான், கோயிலுக்குப் பதில் சர்ச்சுக்குப் போகிறவன். வாசலில் நேபாளத்துக்காரர் ஒருவர் காவலுக்கு நின்றார். "பேச்சிலர் அலவ்டு இல்லை" என்றார்.

ஆரோக்கியம் அவனுக்குத் தெரிந்த இந்தியில் கேட்டான். "உன் பொண்டாட்டி புள்ளைங்க எங்க?"

"ஊரில். மூணு குழந்தை."

"அப்போ நீயும் பேச்சிலர் தானே. உள்ள இன்னா பண்ணிக்கினு கீற? வெளிய வா."

அந்த மனுஷர் ஒரு நிமிஷம் யோசித்தார். அப்புறம் சிரித்துவிட்டார். "நான் டூட்டியில் இருக்கிறேன்" என்றார்.

அதுதான் விஷயம். டூட்டி என்றால் பேச்சிலர் எங்கேயும் நுழையலாம். நான் ஏசி மெக்கானிக். ஃபிளாட்டில் ஏசி நின்றுவிட்டால் என்னைப் படுக்கையறை வரைக்கும் கூட்டிப்போவார்கள். கம்ப்ரசர் ஓட ஆரம்பித்ததும் வாசல் வரைக்கும் கூடவே வந்து தாழ்ப்பாள் போடுவார்கள்.

3

எங்கள் ரூமில் எட்டுப் பேர். கட்டில் மேல் கட்டில். நான் உங்களிடம் பேசுவதெல்லாம் எட்டுப் பேருக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன். கதிருக்குக் கணக்கில் எத்தனை மார்க் என்று ஆரோக்கியத்துக்குத் தெரியும். என் மேல்கட்டில் பீகார்க்காரருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் நான் போனை வைத்ததும் "கதிர் சாப்ட்டானா?" என்று கேட்பார். அதுவும் அப்படியே என் குரலில். அம்மா அழுத அன்றைக்கு மற்ற ஏழு பேரும் தூங்குவது மாதிரி நடித்தார்கள். நடிப்பு சரியில்லை, ஒருத்தருக்கும் குறட்டை வரவில்லை.

பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை தனியாகப் பேச வேண்டுமென்றால் தண்ணி டேங்க் பின்னால் போய் நிற்க வேண்டும். வெயில் காலத்தில் அங்கே நின்றால் போன் சூடாகி அதுவாகவே அணைந்துவிடும்.

இங்கே தமிழர் சங்கம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு ஹால், நாற்காலி, நாலு ஏசி. அந்த நாலு ஏசியும் ஓடுவது என் கையால். வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு. அன்றைக்குக் காலையில் ஹால் பூட்டியே கிடக்கும், சாயங்காலம் ஃபேமிலிகள் வரும்போதுதான் திறப்பார்கள். எங்கள் கேம்ப் ஆட்களுக்கு ஒரே ஆசைதான். வெள்ளிக்கிழமை காலையில் அந்த ஹாலைத் திறந்துவிட்டால் போதும். மூலைக்கு ஒருவராக உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொள்வோம். பொங்கல், சாம்பார் ஒன்றும் வேண்டாம்.

ரெண்டு தடவை கேட்டுப் பார்த்தோம். "கமிட்டியில வெச்சுப் பேசணும்" என்றார்கள். கமிட்டியில் எங்கள் ஆள் யாரும் இல்லை. சங்கத்தில் நாங்களும் உறுப்பினர்கள்தான், சந்தா கட்டுகிறோம். கார்டில் என் பேருக்குக் கீழே 'பேச்சிலர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அதனால் கமிட்டியில் எங்களில் ஒருவன் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும் என்று முடிவு செய்தோம். யார் அந்த ஒருவன் என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்குமாம்.

4

ஹாலில் ஏணி மேல் நின்று ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சங்கத் தலைவர் கீழே வந்து நின்றார். பெரிய கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவர், கையைக் கட்டிக்கொண்டு அன்பாகப் பேசுவார்.

"தனா, நீங்க உத்திரமேரூர்தானே?"

"பக்கத்துல சார்."

"அடடா! எப்பேர்ப்பட்ட மண்ணு தெரியுமா அது? உலகத்துக்கே ஓட்டுப் போடச் சொல்லிக் குடுத்த ஊரு! ஜனநாயகத்தோட தொட்டில்!"

"ஆமா சார், தள்ளி நில்லுங்க, தூசு உழும்" என்றேன்.

இந்த வருஷம் பொங்கல் விழாவில் கமிட்டியை நம் ஊர்க் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப் போகிறார்களாம். உன் சமூக அறிவியல் புத்தகத்தில் இருப்பதுதான் யாழினி, உனக்கு நான் சொல்ல வேண்டாம். கதிருக்காகச் சொல்கிறேன். நம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கோயில் சுவரில் சோழர் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்க, பேரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டு, குலுக்கி, சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும் என்று அதில் வெட்டியிருக்கிறது.

"நீங்க லீவுக்குப் போறீங்கள்ல? வர்றப்போ அந்த மண்ணுலேயே செஞ்ச ஒரு பானை, அங்கேயே வெட்டின பனையோலை, ரெண்டும் கொண்டுவாங்க. சும்மா பிளாஸ்டிக் டப்பாவுல போட்டா அதுக்கு ஒரு இது வராது."

நான் ஏணியிலிருந்து இறங்கினேன். ஏணி மேல் நின்று கேட்கிற விஷயம் இல்லை அது.

"சார், அதுல எங்க கேம்ப்பு சார்பா எம் பேரையும் போடுவீங்களா?"

அவர் என் தோளைத் தட்டினார். "என்ன தனா கேள்வி இது? உங்க ஊருப் பானை, உங்க பேரு இல்லாமலா?"

இந்த வார்த்தையை அப்படியே உன்னிடம் சொன்னேன். நீ வகுப்பில் சொன்னாய். உங்கள் டீச்சர் எழுந்து நிற்கச் சொல்லி, எல்லோரையும் கை தட்டச் சொன்னாராம். முடிவு தெரிந்ததும் வந்து சொல்ல வேண்டும் என்றாராம். நீ அதை என்னிடம் சொன்னபோது உன் மூச்சு வாங்கியது, பள்ளிக்கூடத்திலிருந்து ஓடியே வந்திருப்பாய் போலிருக்கிறது. அந்த மூச்சுதான் இப்போது எனக்குப் பேஜாராக இருக்கிறது.

5

லீவில் நாம் செய்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். ஏரிக்கரைப் பனையில் ஆள் ஏற்றிக் குருத்து இறக்கி, வேகவைத்து, நிழலில் காயப்போட்டு, கத்தரித்து அடுக்கினோம். கதிர் விரலை வெட்டிக்கொண்டான். அம்மா திட்டித் தீர்த்தாள். "அங்க இன்னா பேப்பரா இல்ல? நாட்டுல எல்லாம் கம்ப்யூட்டர்ல ஓட்டு போட்டுக்கினு கீறான், இவுரு ஓல வேகவெச்சிக்கினு கீறாரு."

ஆனால் புறப்படுகிற அன்றைக்குப் பானையைக் கையில் எடுத்ததும் அவளே ஓடிவந்து பிடுங்கினாள்.

"வெறும் பானையவா எடுத்துக்கினு போற? வெளங்குமா?"

நம் பக்கத்தில் பாத்திரத்தைக் காலியாகக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். ஒரு பிடி அரிசியாவது போட வேண்டும். அம்மா என்ன போட்டாள் என்று நான் பார்க்கவில்லை. துணியால் வாய் கட்டித்தான் கொடுத்தாள். விமானத்தில் குழந்தை மாதிரி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் அடிக்கடி மூக்கைத் தொட்டுக்கொண்டார். ஜலதோஷம் என்று நினைத்தேன்.

இங்கே இறங்கியதும் கஸ்டம்ஸில் நிறுத்திவிட்டார்கள். சின்ன வயது அதிகாரி. ஓலைக் கட்டைத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று கேட்டார். நான் உண்மையைச் சொல்லி வளர்ந்தவன். "எலெக்‌ஷன்" என்றேன்.

"என்ன?"

"எலெக்‌ஷன். இது ஓட்டு. அது பெட்டி."

சொல்லி முடித்த பிறகுதான் எந்த நாட்டில் நின்றுகொண்டு சொல்கிறேன் என்று மண்டையில் உறைத்தது. இங்கே ராஜா இருக்கிறார் கண்ணுங்களா. பானையைத் தூக்கிக்கொண்டு வந்து எலெக்‌ஷன் நடத்தப் போகிறேன் என்று ஏர்போர்ட்டிலேயே அறிவித்த முதல் ஏசி மெக்கானிக் உங்கள் நைனாவாகத்தான் இருக்கும். அவர் இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார். அவர் மீசைக்காரர், வயசானவர்.

"யாருக்கு எலெக்‌ஷன்?"

"இல்ல சார், டிராமா. பொங்கல். தமிழ். டிராமா."

"பானைக்குள் என்ன?"

"ஒண்ணும் இல்ல சார். ஒரு பிடி அரிசி."

அவர் துணியை அவிழ்த்தார். அவிழ்த்த வேகத்தில் ரெண்டு அடி பின்னால் போனார். உள்ளே நெத்திலிக் கருவாடு, கழுத்து வரைக்கும். மேலே ஒரு சீட்டில் அம்மா கையெழுத்தில் 'ஆரோக்கியம் அண்ணனுக்கு' என்று எழுதியிருந்தது. மீசைக்காரர் அவராகவே துணியைக் கட்டி, என் கையில் கொடுத்து, கதவைக் காட்டினார். "போ. போ. போ."

கருவாடு இல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் அங்கேயே விளக்கம் சொல்லிக்கொண்டு இருந்திருப்பேன். அம்மாவிடம் சொல்லிவிடு.

6

விழாவுக்குப் போகிறதற்கு முன்னால் உங்களுக்கு ஊர் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும்.

நம் ஊர் அம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி வாங்குவார்கள். ஊர்த் தெருவில் மட்டும். காலனிக்கு வரமாட்டார்கள். ஒரு வருஷம் உங்கள் தாத்தா, நம்முடைய வீடுகளில் எல்லாம் வசூல் செய்து, மேல்துண்டில் முடிந்துகொண்டு போய்க் கொடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன், அப்போது கதிர் வயசு இருக்கும். அவர்கள் திட்டவில்லை, அடிக்கவில்லை. "நீங்களே கஷ்டப்படற ஜனம், உங்களுக்கு எதுக்குபா இதெல்லாம்?" என்று ரொம்பப் பிரியமாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். தாத்தாவும் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். பணம் மிச்சம் என்றுதான் எனக்கு அன்றைக்குச் சந்தோஷம். வரி வாங்கினால் கணக்குக் கேட்பான், தேர் நம் தெருவுக்கும் வர வேண்டும் என்பான், அதனால்தான் வாங்கவில்லை என்று வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது.

அந்தக் கல்வெட்டும் சும்மா இல்லை யாழினி. எல்லோர் பேரையும் குடத்தில் போடவில்லை. சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அந்த நிலத்தில் நாற்று நட்டவர்கள் பேரைப் போடச் சொல்லி ஒரு வரியும் இல்லை. உன் புத்தகத்தில் இதைப் போட்டிருக்கிறார்களா என்று பார். போட்டிருந்தால் டீச்சர் அந்த வரியில் கொஞ்சம் நின்றாரா என்று எனக்குச் சொல்.

இங்கேயும் உத்திரமேரூர் என்று சொன்னால் முதலில் "ஆஹா" என்பார்கள். அடுத்து "உத்திரமேரூர்ல எங்க?" கிராமத்தைச் சொன்னால் "கிராமத்துல எந்தப் பக்கம்?" பக்கத்தைச் சொன்னால் "எந்தத் தெரு?" கடல் தாண்டி வந்தவன் தெருவை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறான்? தபால் போடப் போகிறானா? ஒருவர் இப்படித்தான் ஆரோக்கியத்தைத் துருவிக்கொண்டிருந்தார்.

"கடைசித் தெரு சார்" என்றான்.

"கடைசின்னா?"

"அதுக்கு மேல தெரு இல்ல சார், ஆத்து மணலு. நீங்க வந்தீங்கன்னா அங்கதான் குந்தணும்."

7

விழா அன்றைக்குக் காலையிலேயே பானையைக் கழுவி எடுத்துப் போனேன். மூன்று தடவை கழுவினேன். மேடையில் பட்டுத்துணி விரித்து, அதன் மேல் வைத்து, மாலை போட்டார்கள். தலைவர் மைக்கோடு குனிந்து பானைக்குள் மூச்சை இழுத்தார்.

"ஆஹா! உத்திரமேரூர் மண் வாசனை! இதை எந்தக் கடையில் வாங்க முடியும்?"

எல்லோரும் கை தட்டினார்கள். ஆரோக்கியம் என் காதில் சொன்னான். "நெத்திலிடா அது. வாங்கலாம்."

கேம்ப்பிலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தோம், கடைசி வரிசையில். எல்லோரும் குளித்து இஸ்திரி போட்ட சட்டை. பீகார்க்காரரும் வந்திருந்தார், என் பேர் வந்தால் கை தட்ட வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தோம். என்னை மட்டும் மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். 'உத்திரமேரூர் மைந்தர்' என்றார்கள். தலைவர் அரைமணி நேரம் பேசினார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. நாம் வேகவைத்த ஓலையைத் தூக்கிக் காட்டி, "இது ஓலை அல்ல, உரிமை" என்றார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் செயலாளர் பாலு சார் ஒவ்வொரு ஓலையாகப் பேரைப் படித்துப் பானையில் போட ஆரம்பித்தார். ஒரு பேர், ஒரு ஓலை. நான் பக்கத்திலேயே நிற்கிறேன். அடுத்தது நம்முடையது, அடுத்தது நம்முடையது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கடைசி வரிசையில் எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். பாலு சார் கையில் ஓலை தீர்ந்தது. பானை வாயைத் துணியால் கட்டினார்.

தலைவர் மைக்கில், "இப்போது உத்திரமேரூர் மைந்தர் தனசேகர் அவர்கள் தம் பொற்கரங்களால் குடத்தைக் குலுக்குவார்" என்றார்.

நான் குலுக்கவில்லை. மெதுவாகக் கேட்டேன், "சார், எம் பேரு?"

"அதான் கூப்பிட்டேனே, குலுக்குங்க."

"அது இல்ல சார். பானைக்குள்ள எம் பேரு போட்டீங்களா?"

மைக் அவர் கையில்தான் இருந்தது. நான் மெதுவாகக் கேட்டது ஹால் முழுக்கக் கேட்டுவிட்டது.

பாலு சார்தான் பதில் சொன்னார். "தனா, விதிப்படி ஃபேமிலி மெம்பர் பேரு மட்டும்தான். சொந்தப் பேர்ல ஃபிளாட் கான்ட்ராக்ட் இருக்கணும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்."

தெரியும் என்று நினைத்தார்களாம். அந்த நாலு ஏசியும் அன்றைக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, நான் முந்தின வாரம்தான் கேஸ் ஏற்றியிருந்தேன். எனக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது.

"சார், போடறேன்னு சொன்னீங்க."

தலைவர் மைக்கை மூடிக்கொண்டு சிரித்த முகமாகச் சொன்னார். "தனா, மேடையில வேண்டாம். எவ்வளவு பெரிய கௌரவம் குடுத்திருக்கோம். நூறு பேரு பேரு உள்ள இருக்கலாம், குலுக்கற கை ஒண்ணுதானே?"

எனக்கு ஆத்திரத்தில் எழுத்துத் தமிழ் ஒன்றும் வரவில்லை. நம் வாயில் வருவதுதான் வந்தது. "எனக்குப் பொண்டாட்டி கீறா சார். ரெண்டு புள்ளைங்க கீது. பெரிய பொண்ணு எட்டாவது படிக்குது. அந்த ஓலைய அதுதான் கத்தரிச்சுது. ஊர்லயாவது எங்க காச வாங்க மாட்டாங்க, பேரயும் போட மாட்டாங்க. நீங்க காச வாங்கிக்கினு பேர வுட்டுட்டீங்க. குலுக்கறதுக்கு மட்டும் நானா? நீங்களே குலுக்கிக்குங்க."

முதல் வரிசையில் ஓர் அம்மா, "அவர் சொல்றது நியாயம்தானே" என்றார். அவர் வீட்டுக்காரர் "நீ சும்மா இரு" என்றார். அந்த அம்மாவும் சும்மா இருந்துவிட்டார்.

சால்வையை மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு இறங்கினேன். கடைசி வரிசை எழுந்தது. பீகார்க்காரருக்கு என்ன நடந்தது என்று தெரியாது, எல்லோரும் எழுந்ததைப் பார்த்து என் பேர்தான் வந்துவிட்டது என்று பலமாகக் கை தட்டினார். தட்டிக்கொண்டே எங்களோடு வெளியே வந்தார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். ஆரோக்கியம்தான் ஆரம்பித்தான்.

"ஏன்டா தனா, சாப்ட்டுட்டு கோச்சிக்கினு வந்திருக்கக்கூடாதா?"

"இன்னா?"

"வட, பாயசம், எலை போட்டு எல்லாம் ரெடியா இருந்துச்சு. மொதல்ல துன்னுட்டு அப்புறமா மானத்தப் பத்திக் கேட்டிருக்கலாம். இப்ப கேம்ப்பு மெஸ்ஸுல இன்னா கீதுன்னு தெரியுமா? பருப்பு."

எல்லோரும் சிரித்துவிட்டோம். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்குள்ளேயே அவன் மறுபடியும் சொன்னான், இந்தத் தடவை தரையைப் பார்த்துக்கொண்டு. "வெள்ளிக்கெயம ஹாலு கெடைச்சா எம் பொண்ணுகிட்ட ஒயுங்கா பேசலாம்னு இருந்தேன். அவளுக்கு மாப்ள பாக்கறாங்க. டேங்க் பின்னால நின்னா நான் இன்னான்னு பேசுவேன்?"



8

ராத்திரி சங்கத்து குரூப்பில் வீடியோ வந்தது. தலைவருடைய சின்ன மகள் பாவாடை சட்டையில் அழகாக இருந்தாள். கல்வெட்டில் சொன்னபடி அவள் கையை விட்டு ஓலையை எடுத்தாள். எடுத்து, இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். "டாடி, இதுல எது மேல் பக்கம்?" என்று கேட்டாள். இங்கேயே பிறந்த பிள்ளை, தமிழ் எழுத்துத் தெரியாது. அவள் மேல் தப்பில்லை. தலைவரே வாங்கிப் படித்தார். முதலில் வந்தது அவர் பேர். கூட்டம் கை தட்டியது.

பானைக்குள் போன அவள் கையை அவள் முகர்ந்து பார்த்ததும் வீடியோவில் இருந்தது. அதை மட்டும் ஆரோக்கியம் நாலு தடவை போட்டுப் பார்த்தான்.

அடுத்த நாள் பாலு சார் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். நல்ல மனுஷர்தான், அதுதான் கஷ்டமே. 'தனா, நடந்ததை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஊரில் பிள்ளைகள் கேட்டால், இந்த முறை உங்கள் பெயர் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளுங்கள். குழந்தைகள் மனசு கஷ்டப்படக் கூடாது' என்று எழுதியிருந்தார்.

பிரியமாகத்தான் சொல்கிறார். தாத்தாவின் துண்டு முடிச்சைத் திருப்பிக் கொடுத்தவர்களும் பிரியமாகத்தான் சொன்னார்கள். நம்மை வெளியே நிறுத்துகிறவர்களுக்கு எல்லாம் எங்கிருந்துதான் இந்தப் பிரியம் வருகிறதோ தெரியவில்லை.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், அந்தப் புத்தியை நான் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். அது சுலபமாக இருந்தது. வரவில்லை என்றால் என்ன? குலுக்கினால் யாருக்கும் வரும், யாருக்கும் வராது. நீ வகுப்பில் போய்ச் சொல்லலாம். டீச்சரும் "பரவாயில்லம்மா, அடுத்த வாட்டி" என்பார். உனக்கும் அவமானம் இல்லை, எனக்கும் இல்லை. வெள்ளிக்கிழமை நீ கேட்டபோது அந்த 'வரலை' என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ரூமில் மற்ற ஏழு பேரும் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களும் அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தவர்கள். அவர்கள் காது கேட்க அந்தப் பொய்யை என்னால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் சிக்னல் மேல் பழியைப் போட்டேன்.

இப்போது பதில் சொல்கிறேன். யாழினி, டீச்சர் கேட்பதற்கு முன்னால் நீயே எழுந்து நில். "எங்க நைனா பேரு வரல" என்று சொல்லாதே. "எங்க நைனா பேரப் போடல" என்று சொல். வரவில்லை என்றால் அது பானையோட தப்பு, இல்லாவிட்டால் நம் நேரத்தோட தப்பு. போடவில்லை என்றால் போடாதவன் என்று ஒருத்தன் இருக்கிறான். அந்தக் கல்வெட்டில் யார் யார் பேரைப் போடவில்லை என்பதையும் அதோடு சேர்த்துச் சொல். சில பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். எந்தத் தெரு என்று அதுகளுக்குத் தெரியும். பார்க்கட்டும். டீச்சர் போதும் உட்கார் என்றாலும் அவசரப்படாதே. சொல்லி முடித்துவிட்டு உட்கார்.